உள்ளடக்கிய கல்வி: வகுப்பில் இடம் கொடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

ஜூன் மாதச் சேர்க்கை நேரத்தில் சென்னையின் பள்ளி அலுவலகங்களில் மாற்றுத்திறன் குழந்தையின் பெற்றோருக்கு இப்படி ஒரு பதில் கிடைப்பதுண்டு: "சேர்த்துக்கிறோம்மா. ஆனா எங்ககிட்ட ஸ்பெஷல் டீச்சர் கிடையாது, நீங்கதான் பார்த்துக்கணும்." கேட்பதற்கு மறுப்பு மாதிரி இருக்காது. ஆனால் இனி வகுப்பில் அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தாலும் பள்ளி பொறுப்பேற்காது என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறது. உள்ளடக்கிய கல்வி அந்தப் பொறுப்பைப் பள்ளியின் கையில், குறிப்பாக வகுப்பு ஆசிரியரின் கையில் வைக்கிறது.

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் படிக்க மூன்று விதமான ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவது சிறப்புப் பள்ளி. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்த மாணவர்களுக்காக இயங்கும் அரசுப் பள்ளியை உதாரணமாகச் சொல்லலாம். இரண்டாவது ஒருங்கிணைந்த கல்வி. இதில் குழந்தை பொதுப் பள்ளிக்கு வரும். கட்டடம், பாடம் நடத்தும் முறை, வினாத்தாள் எல்லாம் பழையபடியே இருக்கும். ஈடுகொடுத்தால் தொடரலாம், முடியாவிட்டால் நின்றுவிட வேண்டியதுதான். மூன்றாவதுதான் உள்ளடக்கிய கல்வி. குழந்தை எங்கே தடுக்கி நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் பள்ளி தன்னை மாற்றிக்கொள்ளும். பெயர்ப்பலகையில் மூன்றாவதை எழுதிவிட்டு இரண்டாவதை நடத்தும் பள்ளிகள்தான் அதிகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு, நேர்காணல் என எந்த வடிகட்டலும் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். 2012 திருத்தத்துக்குப் பிறகு, தனியார் பள்ளிகளின் 25 சதவீத ஒதுக்கீட்டில் வரும் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு' என்பதற்குள் மாற்றுத்திறன் குழந்தைகளும் அடங்குவார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அருகமைப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற தேர்வும் அந்தக் குழந்தையுடையதே. அரசு நடத்தும் பள்ளிகளும், அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், கட்டடத்தை எட்டக்கூடியதாக ஆக்க வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தேவையான தனி உதவியைத் தர வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. சான்றிதழ் குழப்பத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம்: உதவித்தொகை, தேர்வுச் சலுகை போன்றவற்றுக்குச் குறைபாட்டுச் சான்றிதழும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் கேட்பார்கள். "முதல்ல கார்டு வாங்கிட்டு வாங்க" என்று சேர்க்கையையே தள்ளிப்போடுவது முறையல்ல.

முதல் இரண்டு வாரம்

புதிதாக ஒரு குழந்தை வந்ததும் ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன பிரச்சினை இந்தப் பிள்ளைக்கு?" மருத்துவப் பெயர் தெரிந்தால் நல்லதுதான். ஆனால் நாளை காலை முதல் பீரியடில் என்ன செய்வது என்பதற்கு அந்தப் பெயரில் பதில் இருக்காது. மூளை முடக்குவாதம் என்ற ஒரே பெயரின் கீழ், ஓடி விளையாடும் குழந்தையும் உண்டு, கழுத்தை நிமிர்த்தவே சிரமப்படும் குழந்தையும் உண்டு.

ஆகவே இரண்டு வாரம் கவனித்து எழுதுங்கள். கரும்பலகையிலிருந்து ஐந்து வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிறது? சொல்வதைக் கேட்டுச் செய்கிறாளா, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்கிறாளா? எந்த நேரத்தில் சோர்ந்து போகிறாள்? சாப்பாட்டு இடைவேளையில் யாரோடு இருக்கிறாள்? கழிவறைக்குத் தனியாகப் போக முடிகிறதா? பெற்றோரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "வீட்டில் அவளாகவே என்னென்ன செய்வாள்?" முடியாதவற்றின் பட்டியல் மருத்துவ அறிக்கையில் ஏற்கனவே இருக்கும்.

கட்டடம்

சென்னையில் மழைநீர் தேங்கும் என்பதால் பல பள்ளிகளின் தரைமட்டம் உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். அங்கேதான் சாய்வுதளக் கணக்கு தப்புகிறது. விதி 1:12, அதாவது 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிக்கு மொத்தம் 45 செ.மீ.; ஆகவே சாய்வுதளம் 5.4 மீட்டர் வேண்டும். இடமில்லை என்று 2 மீட்டரில் கட்டிவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் ஏற இரண்டு பேர் தள்ள வேண்டியிருக்கும், இறங்கும்போது வண்டி கையை மீறி ஓடும். கடைசியில் அது பைக் ஏற்றும் வழியாகிவிடுகிறது. நேராக நீட்ட இடமில்லாவிட்டால் நடுவே சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். அகலம் குறைந்தது 1.2 மீட்டர், இரு பக்கமும் கைப்பிடி. மேலே பளபளப்பான டைல்ஸ் போட்டால் ஐப்பசி மழையில் யாராக இருந்தாலும் வழுக்கி விழுவார்கள். சொரசொரப்பான சிமெண்டுப் பூச்சே போதும்.

கழிவறையில் நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அகலம் 90 செ.மீ. இருக்க வேண்டும். இவ்வளவையும் சரியாகக் கட்டிவிட்டு, "அசுத்தம் பண்ணிடுவாங்க" என்று பூட்டி, சாவியை ஹெச்.எம். மேசை இழுப்பறையில் வைக்கும் பழக்கம் பரவலானது. கழிவறைக்குப் போக முடியாத பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும். சென்னை வெயிலில் அதன் விளைவு என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பு மாடியில் இருந்தால் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அந்த ஆண்டு அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினால் போதும். செலவே இல்லாத இந்தத் தீர்வு ஏனோ கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

கேட்பதில் சிரமம்

காதொலிக் கருவியோ, அறுவை சிகிச்சை மூலம் உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்டோ பொருத்திவிட்டால் குழந்தைக்கு எல்லாம் கேட்டுவிடும் என்று நினைப்பது பெரிய தவறு. கருவி எல்லா ஓசையையும்தான் சேர்த்துத் தரும். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி, சாலைப் பக்க ஜன்னல் வழியே வரும் ஹாரன், பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு எல்லாம் ஆசிரியரின் குரலோடு கலந்து வரும். ஆசிரியர் ஒன்றிரண்டு மீட்டருக்குள் நின்றால் பயன் அதிகம். தள்ளிப் போகப் போக வேகமாகக் குறையும்.

ஆகவே இடம் முன்பக்கம், சாலை ஜன்னலிலிருந்து விலகி, சத்தம் போடும் விசிறிக்குக் கீழே இல்லாமல். வெளிச்சம் ஆசிரியரின் முகத்தில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உதடு இருட்டாகத்தான் தெரியும். பலகையில் எழுதிக்கொண்டே பேசுவது நம் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். அந்த நேரத்தில் சொன்ன எதுவும் இந்தக் குழந்தைக்குப் போய்ச் சேராது. எழுதி முடித்து, திரும்பி, பிறகு பேசுங்கள். மற்ற பிள்ளைகள் சொல்லும் பதிலை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், ஏனென்றால் கடைசி பென்ச்சில் இருந்து வரும் பதில் அவளுக்குக் கேட்காது.

கருவி வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் ஒரு நிமிடம் சோதிக்கலாம். குழந்தைக்குப் பின்னால் நின்று அல்லது வாயைத் தாளால் மறைத்து, ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்ற ஆறு ஒலிகளையும் முறை மாற்றிச் சொல்லுங்கள். குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பேச்சுக்குத் தேவையான ஒலிகள் இந்த ஆறில் அடங்கும். நேற்று வரை சொன்ன 'ஸ்' இன்று வரவில்லை என்றால் பேட்டரியையோ குழாயையோ பார்க்க வேண்டும். இங்கே வியர்வை ஒரு தனி எதிரி: ஈரம் புகுந்து கருவி மங்கிப்போகும். இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைக்கச் சொல்லிப் பெற்றோருக்கு நினைவூட்டுங்கள். சைகை மொழியில் வளர்ந்த குழந்தை என்றால் கதையே வேறு. அங்கே சைகை தெரிந்த ஒருவர் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் போதாது.

மற்ற தேவைகள், சுருக்கமாக

குறைபார்வை உள்ள குழந்தைக்கு வினாத்தாளை ஏ4 தாளிலிருந்து ஏ3க்கு ஜெராக்ஸில் பெரிதாக்கினால் எழுத்து 141 சதவீதம் ஆகும். பலருக்கு அதுவே போதும், சிலருக்கு 24 அளவு எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். "இதோ இங்க பாருங்க" என்று சொல்லாமல், சுட்டும் சொல்லையும் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் வரிசையில் உட்கார வைத்தும் தெரியவில்லை என்றால், பலகையில் வெளிச்சம் பட்டுக் கூசுகிறதா என்று பாருங்கள்.

கை, கால், உடல் இயக்கத்தில் சிரமம் உள்ள குழந்தைக்கு எழுத்துக்கு முன்னால் உட்காரும் நிலை. பாதம் தரையிலோ பலகையிலோ முழுதாகப் பதிய வேண்டும், மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். கால் தொங்கினால் உடம்பை நிறுத்தவே சக்தி போய்விடும், எழுத மிச்சம் இருக்காது. பென்சிலைச் சுற்றித் துணி சுற்றித் தடிமனாக்கலாம். நோட்டு நகராமல் நான்கு மூலையிலும் டேப் ஒட்டலாம்.

வாசிப்பில் கற்றல் குறைபாடு உள்ள குழந்தை தமிழில் தடுக்கி நிற்கும் இடங்கள் ஓரளவு கணிக்கக்கூடியவை: ந-ன-ண, ர-ற, ல-ள-ழ, குறில்-நெடில், கொம்பும் காலும் சேர்ந்து வரும் கொ, கோ வரிசை. ஒரே நாளில் மூன்று லகரங்களையும் பக்கத்தில் வைத்துக் கற்பித்தால் குழப்பம்தான் நிலைக்கும். ஒன்று உறுதியான பிறகு அடுத்ததை எடுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள். மறுநாள் வாசிக்க வேண்டிய பத்தியை முந்தைய நாளே காட்டிவிடுங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அன்றைய நாளின் வரிசை படங்களாக மேசையில் ஒட்டியிருந்தால் பாதிச் சிக்கல் தீரும். பி.டி. பீரியட் ரத்தாகிறது என்றால் அந்தப் படத்தை எடுத்துவிட்டு முன்கூட்டியே சொல்லுங்கள். திடீரென்று கத்துகிறான், ஓடுகிறான் என்றால், அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்று மூன்று நெடுவரிசையில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் மணிச் சத்தமோ, முடிவு தெரியாத காத்திருப்போ தென்படும்.

ஒரே பாடம், வேறு வேறு இலக்கு

இதுதான் மையம். ஆசிரியர்கள் பயப்படுவதும் இதற்குத்தான்: "நாற்பது பிள்ளைக்கு நாற்பது பாடமா எடுக்கிறது?" தேவையில்லை. தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பிரித்துக் கற்பித்த ஆசிரியருக்கு இந்த வேலை ஏற்கனவே தெரியும். அதையே இன்னும் கொஞ்சம் நீட்டிக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் பணம் என்ற கணக்குப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் ஒரு காய்கறிக் கடை. தக்காளி, வெங்காயம், முருங்கைக்காய்க்கு விலைச்சீட்டு. அட்டையில் செய்த 10, 20, 50, 100 ரூபாய் நோட்டுகள். வகுப்புக்கான இலக்கு: மூன்று பொருளின் விலையைக் கூட்டி, 100 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று சொல்வது.

அறிவுசார் குறைபாடு உள்ள சிறுமியும் அதே கடைக்கு வருகிறாள். அவளுடைய இலக்கு, விலைச்சீட்டில் 20 என்று இருந்தால் 20 ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுப்பது. சரளமாக வந்த பிறகு 10ம் 20ம் சேர்த்து 30. பாடமும் இடமும் கூட்டாளிகளும் ஒன்றுதான், உயரம் மட்டும் வேறு. காது கேளாத சிறுவனுக்கு 'மீதி', 'சில்லறை', 'மொத்தம்' என்ற சொற்களைக் கடை தொடங்கும் முன்பே பலகையில் எழுதிச் செய்து காட்ட வேண்டும்; கணக்கு அவனுக்குத் தெரியும், சொல்தான் தெரியாது. கை நடுங்கும் குழந்தைக்கு மெல்லிய தாள் நோட்டு பிடிபடாது, கனமான அட்டையில் ஒட்டித் தாருங்கள். கடையைத் தரையில் விரிக்காமல் மேசையில் வையுங்கள். பேச்சு தெளிவில்லாவிட்டால் எண்கள் எழுதிய பலகையைத் தொட்டு விலை கேட்கட்டும். எண்ணைத் திருப்பி எழுதும் குழந்தைக்குக் கட்டம் போட்ட நோட்டு, ஒரு கட்டத்துக்கு ஓர் எண்.

இவற்றில் சில மாற்றங்கள் வழியை மட்டும் மாற்றுகின்றன. இலக்கு அப்படியே இருக்கிறது. அட்டை நோட்டு, பெரிய எழுத்து, கூடுதல் நேரம் எல்லாம் அந்த வகை. சில மாற்றங்கள் இலக்கையே குறைக்கின்றன. இரண்டையும் குழப்புவதால் வரும் சேதம் பெரிது: கை நடுங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக, மூன்றிலக்கக் கணக்கு போடத் தெரிந்த பிள்ளைக்கு வண்ணம் தீட்டும் வேலை கொடுக்கப்படுகிறது. முதலில் வழியை மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் எட்டவில்லை என்றால் மட்டும் இலக்கைத் தொடுங்கள்.

தனிநபர் கல்வித் திட்டம்

இரண்டு வாரக் கவனிப்பும் பெற்றோர் சொன்னதும் சேர்ந்து ஒரு பக்கத்தில் வர வேண்டும். ஒரு பருவத்துக்கு மூன்று இலக்குக்கு மேல் எழுதாதீர்கள். "வாசிப்பில் முன்னேற்றம் காண்பாள்" என்று எழுதினால் முன்னேறினாளா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "காலாண்டுக்குள், 10, 20, 50 ரூபாய் நோட்டுகளைக் கலந்து வைத்தால், கேட்ட நோட்டை ஐந்து முறையில் நான்கு முறை சரியாக எடுப்பாள்" என்று எழுதுங்கள். அதன் கீழே யார், எப்போது, எதை வைத்துச் சொல்லித் தருவார் என்று ஒரு வரி.

உதவியைக் குறைக்கும் வரிசையையும் அதிலேயே குறியுங்கள்: முதலில் கையைப் பிடித்து, பிறகு சுட்டிக்காட்டி, பிறகு வாயால் சொல்லி, கடைசியில் சும்மா காத்திருந்து. மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். முடிவில்லாமல் கையைப் பிடித்தே செய்ய வைத்தால் கை பிடித்தால்தான் செய்வாள்.

அரசின் வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநருக்குப் பல பள்ளிகள் பொறுப்பு. தினமும் வர முடியாது. அவர் வரும் நாளில் குழந்தையைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்த் தனியே எழுத்து சொல்லித் தந்துவிட்டுப் போனால் மீதி நாட்கள் வீண். அந்த நேரத்தில் பாதியை வகுப்பு ஆசிரியரோடு உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தைப் பிரிக்கச் செலவிடுவது மேல். சென்னையில் உள்ளவர்களுக்குக் கூடுதல் வழிகாட்டுதல் கேட்க இடங்கள் உண்டு: மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் கோட்டூர்புரம் வித்யாசாகர், வாசிப்பில் கற்றல் குறைபாட்டுக்கான தியாகராய நகர் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம்.

தேர்வு

பொதுத் தேர்வில் தகுதியுள்ள மாணவர்களுக்குக் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் தமிழ்நாட்டில் உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகப் போக வேண்டும். ஆவணம் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

சலுகை கிடைத்தும் மதிப்பெண் வராமல் போவதற்கு முக்கியக் காரணம் பயிற்சியின்மை. சொல்லி எழுத வைப்பது ஒரு தனித் திறமை. விடையை மனதில் முழுதாக அமைத்துக்கொள்ள வேண்டும், எழுதுபவர் வேகத்துக்கு நிறுத்திச் சொல்ல வேண்டும், கணக்கில் ஒவ்வொரு படியையும் வாயால் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு வகுப்புத் தேர்விலிருந்தே பழக்காமல் பத்தாம் வகுப்பு மார்ச் மாதத்தில் முதல்முறை ஒருவரை எதிரே உட்கார வைத்தால் தடுமாற்றம்தான். மொழி விலக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. பின்னால் விலக்கு உண்டு என்ற நினைப்பில் நான்காம் வகுப்பிலேயே வாசிப்பைக் கைவிட்டுவிடுகிறார்கள். பேருந்துப் பலகை படிக்கவும் அந்த மொழிதான் வேண்டும்.

எங்கே சறுக்குகிறது?

'பொறுப்பான பிள்ளை' ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து முழு ஆண்டும் பார்த்துக்கொள்ளச் சொல்வது. அவளுக்குப் பாடம் போய்விடும், இருவருக்கும் நட்பும் அமையாது. வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றுங்கள். மாற்றுத்திறன் குழந்தைக்கும் பிறருக்கு உதவும் வேலை ஒன்று கொடுங்கள், வருகைப்பதிவேட்டை ஹெச்.எம். அறைக்குக் கொண்டுபோவது போல.

அம்மாவை வகுப்பு வாசலில் உட்கார வைப்பதும், மதியம் பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்கு அனுப்புவதும் அடுத்த வகை. அரை நாள் ஏற்பாடு முதல் மாதத்துக்குச் சரி, ஆனால் முழு நாளாக மாறும் தேதி அதிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகளுக்குச் சட்டம் அனுமதிக்கும் வீட்டுவழிக் கல்வியும் இதேபோல் கைகழுவும் வழியாகிவிடுகிறது. வருகைப்பதிவேட்டில் பெயர் இருக்கும், குழந்தை வீட்டில் இருக்கும். உலக மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று மேடையில் ஏற்றிப் பரிசு கொடுத்துப் படமெடுத்துவிட்டு, மறுநாள் கடைசி பென்ச்சுக்கு அனுப்புவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்த பள்ளியிலும் ஒன்று விட்டுப்போகும். ஏப்ரலில் ஆண்டு முடியும், ஜூனில் புது ஆசிரியர் வருவார், அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். இரண்டு மூன்று மாதம் அதிலேயே போகும். ஆண்டின் கடைசி வேலை நாளில் பழைய ஆசிரியர் ஒரு பக்கக் குறிப்பு எழுதிப் புது ஆசிரியரிடம் கையில் கொடுக்க வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: எந்த இடத்தில் உட்கார்ந்தால் நன்றாகக் கவனிக்கிறாள், எந்த மாற்றம் வேலை செய்தது, எதை முயன்று கைவிட்டோம், எட்டிய இலக்கு எது, பாதியில் நிற்பது எது, கழிவறைக்கும் மருந்துக்கும் என்ன ஏற்பாடு, வீட்டில் யாரிடம் பேச வேண்டும். மருத்துவ அறிக்கையின் நகலைப் பின்னால் இணைத்துக்கொள்ளலாம்.